முடிவு தெரிந்த ஆட்டத்தில் முதல் வரிசை வீரர்கள் ஏன் இன்னும் களத்தில் நிற்கிறார்கள்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு சீசனிலும் ஒரு முறையாவது இது நடக்கிறது. ஓர் அணி முப்பது புள்ளி முன்னிலையில் இருக்கும், கடிகாரத்தில் சில நிமிடங்களே மிச்சம் இருக்கும், அரங்கத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு முக்கிய வீரர் அடிபட்டு விழுவார். மறுநாள் முழுக்க ஒரே கேள்விதான்: "அவரை ஏன் இன்னும் களத்தில் வைத்திருந்தார்கள்?"

எளிதாகக் கேட்டுவிடக்கூடிய கேள்வி இது. பதில் சொல்ல, ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு, கடிகாரம், அணியின் ஆள் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தால் பயிற்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் சில நியாயமானவை, சில நிற்காதவை என்று தெரியும்.

அடிப்படை

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் மாற்று வீரர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஐந்து பேரை மாற்றலாம், வெளியே போனவர் திரும்ப வர முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே யாரை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே போனவர் அடுத்த நிமிடமே திரும்பலாம். ஆகவே ஒரு நட்சத்திர வீரர் களத்தில் இருக்கிறார் என்றால், அது அந்த நொடியில் யாரோ எடுத்த முடிவு. விதி அவரை அங்கே நிறுத்தவில்லை. விவாதம் இவ்வளவு சூடாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சில சொற்கள்:

1. ஸ்னாப்: நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுத்ததும் தொடங்கும் ஒரு முயற்சி. சில விநாடிகளில் முடிந்துவிடும். காயங்கள் இந்தச் சில விநாடிகளில்தான் ஏற்படுகின்றன.

2. குவார்ட்டர்பேக்: பந்தை வாங்கி, எறியவோ கொடுக்கவோ முடிவெடுப்பவர். அணியிலேயே மாற்றுவதற்கு மிகக் கடினமான ஆள்.

3. முதல் வரிசை வீரர்: அந்த இடத்தில் வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்குபவர். அவருக்குப் பின்னால் இருப்பவர் மாற்று வீரர்.

4. டச்டவுன்: 6 புள்ளி. அதற்குப் பிறகு பந்தை உதைத்தால் 1 புள்ளி கூடும். உதைக்காமல் இன்னொரு முறை கோட்டைக் கடந்தால் 2 புள்ளி. ஆக, ஒரு முறை பந்து கைக்கு வந்தால் அதிகபட்சம் 8.

எவ்வளவு முன்னிலை போதும்?

கடைசியாகச் சொன்ன அந்த 8தான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. 8 புள்ளி வரை பின்தங்கியிருந்தால் ஒரே வாய்ப்பில் சமன் செய்யலாம். 9 முதல் 16 வரை இரண்டு வாய்ப்பு வேண்டும். 17 முதல் 24 வரை மூன்று. 25 ஆனதும் நான்கு. அதனால் 24 புள்ளி முன்னிலைக்கும் 25 புள்ளி முன்னிலைக்கும் பெயருக்கு ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் துரத்தும் அணிக்கு அது முழுதாக ஒரு வாய்ப்பு.

இதோடு கடிகாரத்தைச் சேருங்கள். ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். முன்னிலையில் இருக்கும் அணி பந்தோடு ஓடினால் கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை என்றால், கடைசி இரண்டு நிமிடத்தை குவார்ட்டர்பேக் மூன்று முறை முழங்காலை ஊன்றியே (ஓடாமல், எறியாமல் முயற்சியை அங்கேயே முடித்துக்கொண்டே) கழித்துவிடலாம்.

துரத்தும் அணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு டச்டவுன் போட்டதும் பந்து எதிரணிக்குப் போகும். உடனே திரும்பப் பெற, 'ஆன்சைட் கிக்' என்ற குறுகிய உதையை நம்ப வேண்டும். சமீப ஆண்டுகளில் பத்து முறை முயன்றால் ஒரு முறை கிடைப்பதே பெரிய விஷயம்.

அப்படியானால் பெரிய முன்னிலைகள் கைவிட்டுப் போனதே இல்லையா? போயிருக்கின்றன. 1993 ஜனவரி 3 அன்று பஃபலோ பில்ஸ் அணி, மூன்றாம் கால் பகுதியின் தொடக்கத்தில் ஹூஸ்டன் ஆயிலர்ஸிடம் 35-3 என்று பின்தங்கியிருந்தது. கடைசியில் கூடுதல் நேரத்தில் 41-38 என்று வென்றது. அன்று பில்ஸின் குவார்ட்டர்பேக் முதல் வரிசை வீரரே அல்ல. ஜிம் கெல்லி காயத்தால் ஆடாததால் மாற்று வீரர் ஃபிராங்க் ரைக் ஆடினார். 2022 டிசம்பர் 17 அன்று இடைவேளையில் 33-0 என்று பின்தங்கிய மின்னசோட்டா வைக்கிங்ஸ், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை 39-36 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அதுதான். 2017 பிப்ரவரியில் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னிலையில் இருந்து தோற்றதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள்.

பயிற்சியாளர்களின் மனத்தில் இந்த மூன்று ஆட்டங்களும் எப்போதும் இருக்கும். ஆனால் மூன்றையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மூன்றிலும் பெரிய இடைவெளி இருந்தது இடைவேளையை ஒட்டியோ மூன்றாம் கால் பகுதியிலோதான். துரத்தும் அணியிடம் கிட்டத்தட்ட அரை ஆட்டமோ கால் ஆட்டத்துக்கு மேலோ மிச்சம் இருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் முப்பது புள்ளியை மீட்ட கதை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. "எது வேண்டுமானாலும் நடக்கலாம்" என்பதை மூன்றாம் கால் பகுதியில் சொன்னால் ஏற்கலாம். ஐந்து நிமிடம் இருக்கும்போது சொன்னால் ஏற்க முடியாது.

எல்லோரையும் ஏன் வெளியே எடுக்க முடியாது?

பயிற்சியாளர்கள் பக்கம் வலுவான வாதம் இதுதான். ஓர் என்எஃப்எல் அணியில் 53 பேர் உண்டு. ஆட்ட நாளில் உடையணிந்து தயாராக இருப்பவர்கள் அதிகபட்சம் 48 பேர், அதிலும் எட்டுப் பேர் தாக்குதல் வரிசைக்காரர்களாக இருந்தால்தான். குவார்ட்டர்பேக்கின் முன்னால் சுவர்போல நின்று எதிரணியைத் தடுக்கும் கனத்த உடல்காரர்கள் அவர்கள். களத்தில் ஐந்து பேர் வேண்டும். எட்டில் ஐந்து போனால் மாற்றுக்கு மூன்றே பேர். அப்படியானால், எவ்வளவு பெரிய முன்னிலையாக இருந்தாலும் அந்த ஐந்து முதல் வரிசை வீரர்களில் குறைந்தது இரண்டு பேர் கடைசி விநாடி வரை நின்றே ஆக வேண்டும். அவர்களில் யாருக்காவது முழங்கால் போனால் பயிற்சியாளரைக் குறை சொல்ல வழியே இல்லை.

குவார்ட்டர்பேக் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2023 ஜனவரியில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல்லின் இரு பாதிகளில் ஒன்று) இறுதிப் போட்டியில் சான் பிரான்சிஸ்கோ அணியின் பிராக் பர்டிக்கு முழங்கையில் அடிபட்டது, அவருக்கு மாற்றாக வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடிபட்டது. எறியவே முடியாத பர்டி திரும்ப வந்து நிற்க வேண்டியதாயிற்று. அணி 31-7 என்று தோற்றது. அதன்பின் அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்ள விதி வந்தது. ஆனால் முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றப்பட்டதாலோ ஆட முடியாமல் போனால்தான் அவர் வரலாம். பயிற்சியாளர் ஓய்வு கொடுத்து உட்கார வைத்தவர் நலமாக இருக்கும்வரை மூன்றாமவருக்கு இடமில்லை. அதாவது, பெரிய முன்னிலையில் மாற்று குவார்ட்டர்பேக்கை இறக்கி, அவரும் அடிபட்டால், பத்திரப்படுத்தி வைத்த முதல் வரிசை வீரரைத்தான் திரும்ப அனுப்ப வேண்டும். இந்த விதியை என்எஃப்எல் கொஞ்சம் தளர்த்தினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. நான்காம் கால் பகுதியில் 25 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் மூன்றாமவரையும் இறக்கலாம் என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

கல்லூரி அணிகளில் ஆள் பற்றாக்குறை இந்த அளவுக்கு இல்லை. அங்கே ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள் புதியவர்களுக்கு நல்ல வாய்ப்பு. 2018 முதல், ஒரு மாணவர் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் கல்லூரிக்காக ஆட அவருக்குள்ள தகுதி ஆண்டுகளில் ஒன்று கழியாது. அதனால் முன்னிலை வந்ததும் முதலாண்டு மாணவர்களை இறக்கப் பயிற்சியாளர்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

அப்புறம் ஏன் வைத்திருக்கிறார்கள்?

ஆள் எண்ணிக்கை தவிர அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள் இவை:

1. பயிற்சி. தாக்குதல் அணி அந்த வாரம் சரியாக ஆடவில்லை என்றால், நிஜ எதிரணிக்கு எதிராக இன்னும் சில ஸ்னாப்கள் வேண்டும் என்று நினைப்பார்கள்.

2. ஒட்டுமொத்தப் பாதுகாப்பு. மாற்று வீரர்கள் தடுக்கும் வரிசைக்குப் பின்னால் முதல் வரிசை குவார்ட்டர்பேக்கை நிறுத்துவது ஆபத்து. ஆகவே எடுத்தால் எல்லோரையும், இல்லையென்றால் யாரையும் இல்லை என்ற எண்ணம்.

3. வீரரின் சொந்தக் கணக்கு. ஒப்பந்தங்களில் ஊக்கத்தொகை உண்டு, சாதனைகள் உண்டு. 2025 ஜனவரி 5 அன்று டம்பா பே அணி வெற்றியை உறுதி செய்த பிறகும், கடைசி விநாடிகளில் பந்து பிடிப்பவரான மைக் எவன்ஸுக்கு ஒரு பந்தை எறிந்தது. அந்த ஒரு பிடியில் அவருக்குத் தொடர்ந்து 11ஆவது சீசனாக 1,000 யார்டு கிடைத்தது, 30 லட்சம் டாலர் ஊக்கத்தொகையும் கிடைத்தது.

4. மானம். வெளியே எடுத்தால் சரணடைந்தது போலாகும் என்ற எண்ணம். இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது காரணத்துக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் பந்தோடு ஓடுபவரான சாக்வான் பார்க்லி, 2024 அக்டோபர் 20 அன்று தன் பழைய அணியான நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 176 யார்டு ஓடியிருந்தார். இன்னும் 13 யார்டு ஓடினால் அவருடைய தனிப்பட்ட உச்சத்தைத் தொட்டிருக்கலாம். அணி பெரிய முன்னிலையில் இருந்தது. இளையவர்கள் ஆடட்டும் என்று வெளியே நின்றுகொண்டார். சீசனின் கடைசி ஆட்டத்தில் அவர் இன்னும் 101 யார்டு ஓடினால் 1984இல் எரிக் டிக்கர்சன் ஒரே சீசனில் ஓடி வைத்த 2,105 யார்டு சாதனை முறிந்திருக்கும். வழக்கமான சீசனுக்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபை மனத்தில் வைத்து அணி அவருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த மாதம் ஈகிள்ஸ் சூப்பர் பௌலை 40-22 என்று வென்றது.

ஒரு புள்ளிக்காக உடைந்த கை

2012 நவம்பர் 18. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், கோல்ட்ஸை நையப் புடைத்துக்கொண்டிருந்தது. கடைசி டச்டவுன் விழுந்து 58-24 ஆனதும், அதை 59-24 ஆக்கும் ஒற்றைப் புள்ளி உதை. அந்த உதைக்குத் தடுப்பு வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ராப் கிரான்கவ்ஸ்கி. அணியின் மிக ஆபத்தான பந்து பிடிப்பவர், ஐந்து மாதம் முன்புதான் ஆறு ஆண்டுகளுக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். அந்த ஸ்னாப்பில் அவருடைய இடது முன்கை உடைந்தது.

ஐந்து ஆட்டம் ஆடவில்லை. திரும்பி வந்ததும் ஜனவரியில் பிளேஆஃபில் அதே கை மறுபடி உடைந்தது. அடுத்த வாரம், என்எஃப்எல்லின் மற்றப் பாதியான ஏஎஃப்சியின் இறுதியில் அணி பால்டிமோர் ரேவன்ஸிடம் 28-13 என்று தோற்றது. கைக்குப் பல அறுவை சிகிச்சைகள், முதுகுக்கு ஒன்று. 2013 சீசனின் முதல் ஆறு ஆட்டங்களிலும் அவர் இல்லை.

பயிற்சியாளர் பில் பெலிச்சிக், இருப்பது குறைவான ஆட்கள்தான், யார் எந்த ஸ்னாப்பில் அடிபடுவார் என்று முன்கூட்டி எப்படித் தெரியும் என்ற பொருளில் பதில் சொன்னார். அப்போது ஆட்ட நாளில் 46 பேருக்குத்தான் அனுமதி. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் பதிலின் இரண்டாம் பகுதி கேள்வியைத் தாண்டிப் போகிறது. யாருக்குக் காயம் வரும் என்று கணிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த ஸ்னாப்பால் அணிக்கு என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: ஒன்றும் இல்லை. உதைக்கும் அணிகளில் (உதைக்கென்று இறங்கும் குழுக்களில்) இந்தக் கவனக்குறைவு அடிக்கடி நேர்கிறது. தாக்குதலில் ஆட்களை மாற்றுபவர்கள், உதை அணியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். ஒரு புள்ளி உதைக்குத் தடுக்க யாரை நிறுத்தினாலும் போதும், உதை தடுக்கப்பட்டாலும் குடி முழுகாது.

டுவாவின் கதை கொஞ்சம் வேறு

2019 நவம்பர் 16 அன்று அலபாமா பல்கலைக்கழக அணி மிசிசிப்பி ஸ்டேட்டை 35-7 என்று முந்திக்கொண்டிருந்தது. இரண்டாம் கால் பகுதி முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா இரண்டு பேர் மோதி விழுந்தார். இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவி, எலும்பும் உடைந்தது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். சீசன் அதோடு முடிந்தது. அது அவருக்கு அன்றைய கடைசி வாய்ப்பாகவே இருந்திருக்கும், இடைவேளைக்கு முன் இரண்டு நிமிட ஆட்டத்தைப் பழகிக்கொள்ளட்டும் என்றுதான் விட்டோம் என்றார் பயிற்சியாளர் நிக் சேபன்.

ஸ்கோரை மட்டும் வைத்து சேபனைத் திட்டுவது சரியல்ல. 28 புள்ளி என்றால் நான்கு வாய்ப்பு. அரை ஆட்டத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. பஃபலோ மீண்டது அதைவிடப் பெரிய இடைவெளியிலிருந்து. ஆனால் வேறொரு குறை இருக்கிறது. நான்கு வாரத்துக்கு முன்புதான் டுவாவுக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. முழு வேகத்தில் ஓடித் தப்பிக்க முடியாத நிலையில் இருந்தவரை, வெறும் பழக்கத்துக்காக அங்கே வைத்திருக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு அலபாமா ஆபர்னிடம் 48-45 என்று தோற்றது. மாற்று குவார்ட்டர்பேக் மாக் ஜோன்ஸ் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணி பிடித்து நேராக டச்டவுனாக்கியது. 2014இல் கல்லூரி பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அலபாமாவுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2020 தேர்வில் டுவா ஐந்தாவதாக மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார், அது அவர் அதிர்ஷ்டம். 2019இல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடையாது, அது 2021இல்தான் வந்தது. கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் முடிவெடுத்தார், கையில் காசில்லாத 21 வயது மாணவர் தன் இடுப்பைப் பணயம் வைத்தார். அப்போது கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கேள்வி கூடுதலாகக் கோபப்படுத்தியது இதனால்தான்.

சரி, எப்படி முடிவெடுக்கலாம்?

காயத்துக்கான வாய்ப்பு ஸ்னாப்புக்கு ஸ்னாப் பெரிதாகக் குறைவதில்லை. அந்த ஸ்னாப்பால் வெற்றிக்குக் கிடைக்கும் பயன் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. மிச்சமுள்ள நேரத்தில் எதிரணிக்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கும், அவர்களுக்கு எத்தனை வாய்ப்பு தேவை என்று பாருங்கள். தேவை அதிகமாகிவிட்டால் பயன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு வரிசை இப்படி இருக்கலாம்:

1. குவார்ட்டர்பேக்கும், காயத்திலிருந்து அண்மையில் திரும்பியவர்களும் முதலில் வெளியே.

2. உதை அணிகளில் இருக்கும் நட்சத்திரங்கள் அடுத்து. இவர்களுக்கு மாற்று கண்டுபிடிப்பது எளிது.

3. தற்காப்பு வீரர்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தாக்குதல் வரிசையில் பழக்கமில்லாத ஆளை நிறுத்தினால் பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்குக்கு ஆபத்து. தற்காப்பில் அந்த ஆபத்து இல்லை. இடம் மாறி யாராவது நின்றால், மோசமாகப் போனால் எதிரணி இன்னொரு டச்டவுன் போடும், அவ்வளவுதான். முடிவு தெரிந்த ஆட்டத்தில் அதற்கு விலை கிடையாது.

4. தாக்குதல் வரிசை கடைசி. இங்கே கணக்கே இடம் கொடுக்காது.

தோற்கும் பக்கம்

முன்னிலையில் இருப்பவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். தவறு அதிகம் நடப்பது பின்தங்கிய அணியில் என்று நினைக்கிறேன். மயாமி டால்ஃபின்ஸின் 2023 சீசனை எடுத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 24 அன்று அந்த அணி டென்வரை 70-20 என்று வென்றது. நான்காம் கால் பகுதியில் டுவா வெளியே உட்கார்ந்தார், மைக் வைட் ஆடினார். வழக்கமான சீசனில் ஓர் அணி எடுத்த அதிகபட்சம் 72 புள்ளி, 1966இல் வாஷிங்டன் எடுத்தது. ஒரு மூன்று புள்ளி உதை அதை முறியடித்திருக்கும். பயிற்சியாளர் மைக் மெக்டேனியல் உதைக்கவில்லை, முழங்காலை ஊன்றி முடித்துக்கொண்டார். நிதானமான, மரியாதையான முடிவு.

டிசம்பர் 31 அன்று அதே பயிற்சியாளரின் அணி பால்டிமோரில் 49-19 என்று பின்தங்கியிருந்தது, மூன்று நிமிட அளவுக்கு மிச்சம். குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் தற்காப்பு வீரர் பிராட்லி சப் இன்னும் களத்தில் இருந்தார். முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. 2024 சீசன் முழுவதும் போயிற்று.

முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 புள்ளியைச் சமன் செய்ய நான்கு டச்டவுன் வேண்டும், அவற்றில் இரண்டிலாவது இரண்டு புள்ளி முயற்சி பலிக்க வேண்டும். பந்து எதிரணி கையில் இருந்தது, முதலில் அதைப் பறிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு டச்டவுனுக்கும் பின் மறுபடி பறிக்க வேண்டும். மூன்று நிமிடத்தில். அதோடு, டால்ஃபின்ஸ் ஏற்கெனவே பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றுவிட்டது. லீக்கில் அந்த அணி சேர்ந்த பிரிவின் பட்டம் அடுத்த வாரம் பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில்தான் முடிவாக இருந்தது.

சப்பின் இடத்தில் ஆள் குறைவு என்பது உண்மை. மறுமுனையில் ஆடிய ஜேலன் ஃபிலிப்ஸ் நவம்பரில் ஜெட்ஸுக்கு எதிராக, அணி வசதியாக முன்னிலையில் இருந்த நான்காம் கால் பகுதியில், குதிகால் நாண் அறுந்து வெளியேறியிருந்தார். ஆனால் ஆள் குறைவாக இருப்பதே மிச்சமிருப்பவரைப் பத்திரமாக வைக்கக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே யார் நின்றிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

வெல்லும்போது வீரர்களை வெளியே எடுப்பது பெருந்தன்மையாகத் தெரிகிறது. தோற்கும்போது அதையே செய்தால் கைவிட்டதாகத் தெரியுமோ என்ற பயம் பயிற்சியாளர்களுக்கு இருக்கிறது. வீரர்களும் "நான் வெளியே வருகிறேன்" என்று அந்த நேரத்தில் சொல்ல மாட்டார்கள், சொல்லும்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் இந்த முடிவை ஆட்டத்துக்கு முன்பே எடுத்து வைப்பது நல்லது. எத்தனை புள்ளி, எத்தனை நிமிடம் என்று வெல்லும் பக்கத்துக்கும் தோற்கும் பக்கத்துக்கும் ஒரே அளவுகோலை வாரத்தின் நடுவில் எழுதி வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை உணர்ச்சிக்கு அங்கே வேலை இல்லை.

டால்ஃபின்ஸ் அடுத்த வாரம் பஃபலோவிடம் 21-14 என்று தோற்றுப் பிரிவுப் பட்டத்தை இழந்தது. பிளேஆஃபுக்கு முன் 34 வயது ஜஸ்டின் ஹூஸ்டனையும் 36 வயது புரூஸ் இர்வினையும் வெளியிலிருந்து அவசரமாக ஒப்பந்தம் செய்தார்கள். கன்சாஸ் சிட்டியில் கடுங்குளிரில் நடந்த அந்த ஆட்டத்தில் 26-7 என்று தோற்று சீசன் முடிந்தது.